ஊற்று நிற்காத குழியில் ஃபைபர் கான்கிரீட்

அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், ஆவடி பருத்திப்பட்டு, பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் என்று சென்னையின் மேற்குப் புறநகர் முழுக்க ஏரிகள்தான். இந்த ஏரிகளின் பக்கத்தில் மனை வாங்கியவர்களுக்குத் தண்ணீர்க் கவலை குறைவு. ஆனால் சம்ப்புக்குக் குழி தோண்டும் நாளில் அதே தண்ணீர் தொல்லை கொடுக்கும். ஆறு, ஏழு அடி இறங்கியதும் ஊற்று வரும். மோட்டார் போட்டு இறைப்பார்கள், அரை மணி நேரத்தில் மறுபடி நிரம்பும். "இறைச்சுக்கிட்டே கான்கிரீட் போட்டுடலாம் சார், ஃபைபர் கலந்துக்கிட்டா ஒண்ணும் ஆகாது" என்று மேஸ்திரி சொல்வார். இந்த அத்தியாயம் அந்தப் பேச்சுக்கான பதில். இறைத்துக்கொண்டே போடக் கூடாது. அப்படிப் போட்டால் எந்த ஃபைபரும் காப்பாற்றாது.

தண்ணீர் தேங்கி நிற்கும்போதே, அதற்கு அடியில், 'ட்ரெமி' என்னும் குழாய் வழியாகக் கான்கிரீட் இறக்கி அடியை அடைப்பதுதான் சரியான வழி. அந்த அடைப்புக்கு 'பிளக்' என்று பெயர். அது இறுகிய பிறகு தண்ணீரை இறைத்துவிட்டு, காய்ந்த தளத்தில் கம்பி கட்டி சம்ப் எழுப்பலாம். பைல் அடித்தளங்களிலும், மெட்ரோ சுரங்க நிலையங்களின் பக்கச் சுவர்களிலும் பெரிய அளவில் செய்யப்படுவது இதே முறைதான். வீட்டு அளவில் அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

ஃபைபர் எதைச் செய்யும், எதைச் செய்யாது

கான்கிரீட் இறுகும் முன்பே வெயிலும் காற்றும் மேற்பரப்பின் ஈரத்தை உறிஞ்சுவதால் வரும் மயிரிழை வெடிப்பைத் தடுப்பதுதான் பொடி ஃபைபரின் முதல் வேலை. தண்ணீருக்கு அடியில் ஈரம் உலர வழியே இல்லை. ஆகவே அந்தப் பலன் பிளக்கில் கிடைக்காது. அங்கே அது செய்வது இரண்டு. கலவையைச் சேர்த்துப் பிடித்து, ஜல்லியும் சாந்தும் பிரியாமல் வைக்கும். இறுகிய பின் எங்காவது வெடித்தால், வெடிப்பு அகலாமல் ஓரளவு இழுத்துப் பிடிக்கும்.

சிமென்ட் கரைந்து போவதை ஃபைபர் தடுக்காது. அதைத் தடுப்பவை குழாயும், கலவையின் பதமும், தேவைப்பட்டால் சேர்க்கிற கரைவுத் தடுப்பு மருந்தும்தான். கம்பிக்கும் ஃபைபர் மாற்று ஆகாது. சம்ப்பின் தளத்திலும் சுவரிலும் இன்ஜினியர் வரைபடத்தில் உள்ள கம்பியில் ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம்.

எந்த ஃபைபர் வாங்குவது

பிளக்குக்கு 12 மி.மீ. நீளமுள்ள பாலிப்ரொப்பிலீன் ஃபைபர் போதும். சிமென்ட்டின் காரம் அதை ஒன்றும் செய்யாது. சாதாரண பாலியெஸ்டர் இழை காரமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் நலியும் என்பதால், பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அளவு: 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 125 கிராம். 6 மி.மீ. ஃபைபர் பூச்சுக்கானது, அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

40 முதல் 60 மி.மீ. நீளமுள்ள தடித்த பிளாஸ்டிக் ஃபைபரும் உண்டு. கன மீட்டருக்கு 3 முதல் 5 கிலோ போட்டால் வெடித்த பிறகும் கான்கிரீட்டுக்குத் தாங்குதிறன் இருக்கும். இன்ஜினியர் கேட்டால் மட்டும் இதைப் போடுங்கள். இரும்பு ஃபைபர் குடிநீர் சம்ப்புக்கு வேண்டாம். மேற்பரப்பில் துருத்தி நிற்கும் இழைகள் துருப்பிடிக்கும், சம்ப்பைக் கழுவ இறங்குபவரின் காலிலும் குத்தும்.

எப்போது தோண்டுவது

சித்திரை, வைகாசியில் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும். வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக்குள் மூடிச் சிலாப் போட்டுவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குழி தோண்டவே வேண்டாம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்டதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏரிக்கரை, வரத்துக்கால்வாய், கூவத்தின் ஓரம் ஆகிய இடங்களில் இந்த வேலையைச் சொந்தமாகச் செய்யக் கூடாது. அது நீர்வளத் துறையின் எல்லை.

பிளக் எவ்வளவு தடிமன்

இந்த அத்தியாயத்தில் மிக முக்கியமான கணக்கு இது. வெளியே நிற்கும் நிலத்தடி நீர் பிளக்கைக் கீழிருந்து மேலே தள்ளும். தண்ணீரை இறைத்ததும் அந்தத் தள்ளலைத் தாங்குவது பிளக்கின் எடை ஒன்றுதான். கான்கிரீட் தண்ணீரைவிட 2.4 மடங்கு கனம். பாதுகாப்புக்கு 1.2 மடங்கு வைத்தால் கணக்கு எளிதாகிவிடுகிறது: குழியின் அடியிலிருந்து, தானாக நிலைத்து நிற்கும் நீர்மட்டம் வரை எவ்வளவு உயரமோ, அதில் பாதி பிளக்கின் தடிமன்.

ஓர் எடுத்துக்காட்டு. குழி 3 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். இறைப்பதை நிறுத்தி ஓர் இரவு விட்டபின் 1.2 மீட்டர் தண்ணீர் நிற்கிறது. பிளக் 60 செ.மீ. வேண்டும். கான்கிரீட் 4.3 கன மீட்டர், சிமென்ட் 35 மூட்டை, ஃபைபர் 35 பாக்கெட், அதாவது சுமார் 4.4 கிலோ.

நிற்கும் தண்ணீர் 1.5 மீட்டரைத் தாண்டினால் இந்த நூலை மூடிவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழையுங்கள். சம்ப்பின் ஆழத்தைக் குறைத்து நீள அகலத்தைக் கூட்டுவது பெரும்பாலும் மலிவான தீர்வு.

தேவையான பொருட்கள்

- 200 மி.மீ. விட்டமுள்ள உறுதியான குழாய். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச அளவு இது. நீளம் குழியின் ஆழத்தைவிட அரை மீட்டர் கூடுதல். நடுவில் இணைப்பு இருந்தால் தண்ணீர் புகாதபடி அடைத்திருக்க வேண்டும்.
- குழாயின் தலையில் பொருத்தும் தகரப் புனல். மிக்சரின் ஒரு கலவை முழுவதும் அதில் கொள்ள வேண்டும்.
- முக்காலியும் செயின் பிளாக்கும். 3 மீட்டர் குழாய் நிறைந்தால் உள்ளே இருக்கும் கான்கிரீட் மட்டுமே 225 கிலோ. ஆட்கள் கையால் பிடித்துத் தூக்குவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள்.
- குழாய்க்குள் நெருக்கமாக இறங்கும் பஞ்சு அல்லது சாக்குப் பந்து.
- அளவுக்கோடு போட்ட நீண்ட கம்பு, சேற்றை அள்ளும் மட் பம்ப், தடுப்புப் பலகைகள்.

கலவை

சிமென்ட் ஒரு பங்கு, எம்-சாண்ட் இரண்டு, ஜல்லி இரண்டரை. ஜல்லியில் பாதி 12 மி.மீ., பாதி 20 மி.மீ. வழக்கமான 1:1½:3 கலவையைவிட இதில் மணல் கூடுதல். குழாயில் சிக்காமல் இறங்குவதற்காக அப்படி. கன மீட்டருக்குச் சுமார் 400 கிலோ சிமென்ட் வரும். ஐ.எஸ். 456 நீரடிக் கான்கிரீட்டுக்குக் கேட்கும் குறைந்தபட்சம் 350 கிலோ.

தண்ணீர் மூட்டைக்கு 22 லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. ஃபைபர் போட்டதும் கலவை இறுகியது போலத் தோன்றும், ஆட்கள் உடனே குடத்தைத் தூக்குவார்கள். தடுத்து நிறுத்துங்கள். சூப்பர் பிளாஸ்டிசைசரை அதன் டப்பாவில் போட்டுள்ள அளவில் சேர்த்தால் இளக்கம் வந்துவிடும். இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் அளவு 150 முதல் 180 மி.மீ. இருக்க வேண்டும். இட்லி மாவு போலத் தானாகப் பரவ வேண்டும், ஆனால் ஓரத்தில் தண்ணீர் பிரியக் கூடாது.

தொழிற்பேட்டையை ஒட்டிய மனையானால் ஊற்றுநீரை முன்கூட்டியே ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். சல்ஃபேட் அதிகமாக இருந்தால் சிமென்ட் வகையை மாற்ற வேண்டிவரும். கலவைக்கு அந்தத் தண்ணீரையே எடுப்பதாக இருந்தால் அதன் பி.எச். 6-க்குக் கீழே போகக் கூடாது.

ஃபைபரை இப்படிச் சேருங்கள்:

1. மிக்சரில் ஜல்லியும் பாதித் தண்ணீரும் போட்டுச் சுழல விடுங்கள்.
2. ஃபைபர் பாக்கெட்டை அப்படியே கொட்டாமல், விரல்களால் உதிர்த்துத் தூவுங்கள். உருண்டையாக விழுந்தது உருண்டையாகவே இருக்கும், குழாயை அடைப்பதும் அதுதான்.
3. சிமென்ட், மணல், மீதித் தண்ணீர், கடைசியில் பிளாஸ்டிசைசர்.
4. வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுற்ற விடுங்கள்.

35 மூட்டையை ஒரே மூச்சில் போட வேண்டும் என்பதால், லாரி உள்ளே வர வழியிருந்தால் ரெடிமிக்ஸ் வாங்குவதே என் பரிந்துரை. ஆர்டர் கொடுக்கும்போதே 'நீருக்கடியில் ட்ரெமி குழாயில் போடப்போகிறோம், ஃபைபர் சேர்த்துக் கொடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். சைட்டில் சேர்ப்பதானால் டிரம்மை முழு வேகத்தில் குறைந்தது ஐந்து நிமிடம் சுற்ற விட வேண்டும்.

வாளிச் சோதனை

ஊற்றும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியில் தெளிந்த தண்ணீர் எடுத்து, கை நிறையக் கலவையை, கையுறை போட்ட கையோடு மெல்ல அடிவரை கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். நல்ல கலவை கட்டியாக உட்காரும். சுற்றிலும் லேசான சாம்பல் புகை கிளம்பி அடங்கும். மோசமான கலவையானால் வாளி முழுக்கப் பால் போலக் கலங்கும், ஜல்லி கழுவிவிட்டது போலப் பளிச்சென்று தெரியும், மேலே வெள்ளை இழைகள் மிதந்து வரும். பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட லேசானது. சாந்து அதைப் பிடித்து வைத்திருக்கும் வரைதான் அது உள்ளே இருக்கும். இழை மிதந்தால், சிமென்ட்டும் கரைந்து போகிறது என்று பொருள். அப்போது தண்ணீரைக் குறையுங்கள், மணலைச் சற்றுக் கூட்டுங்கள், அல்லது கரைவுத் தடுப்பு மருந்து சேருங்கள். மறுபடி வாளியில் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

ஊற்றும் வரிசை

1. குழியின் பக்கங்களைப் பலகை வைத்து முட்டுக்கொடுங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான எந்தக் குழிக்கும் இது கட்டாயம்.

2. அடியில் உள்ள சேற்றை மட் பம்பால் எடுங்கள். சேற்றின் மேல் விழும் கான்கிரீட்டுக்குப் பிடிப்பே இருக்காது. கம்பால் குத்திப் பார்த்து, கெட்டித்தரை தட்டும் வரை எடுக்க வேண்டும்.

3. இப்போது எல்லா மோட்டாரையும் நிறுத்துங்கள். தண்ணீர் ஏறி, தானாக ஒரு மட்டத்தில் நிற்கும் வரை காத்திருங்கள். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றானால்தான் ஊற்று ஓயும். அவசரப்பட்டால் புதுக் கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு ஊற்று மேலே வரும், அந்தத் துளை பிறகு எந்த மருந்துக்கும் அடங்காது.

4. குழாயைக் குழியின் நடுவில் நிறுத்துங்கள், முனை தரையில் உட்காரட்டும். பந்தைத் தலையில் வையுங்கள். அதன் மேல் கான்கிரீட்டைக் கொட்டுங்கள். பந்து தண்ணீரைக் கீழே தள்ளிக்கொண்டு இறங்கும்.

5. குழாயும் புனலும் நிறைந்து, அடுத்த கலவையும் தயாராக நிற்கும்போது, செயின் பிளாக்கால் குழாயை ஒரு சாண் மட்டும் தூக்குங்கள். கான்கிரீட் முனையைச் சுற்றிக் குவிந்து அதை மூடிவிடும்.

6. அதன்பின் விடாமல் ஊற்றுங்கள். புதிய கான்கிரீட் பழையதற்குள் புகுந்து அதை மேலே உப்ப வைக்க வேண்டும். தண்ணீரைத் தொடுவது முதலில் விழுந்த கான்கிரீட்டின் மேல்தோல் மட்டுமே. 60 செ.மீ. பிளக்குக்குக் குழாயை மேலும் தூக்க வேண்டிய தேவையே வராது. பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது.

7. அளவுக்கம்பால் நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். எங்கும் குறிப்பிட்ட தடிமன் வந்ததும், ஏழெட்டு செ.மீ. கூடுதலாகவே போட்டு நிறுத்துங்கள். அந்த மேல்தோல் பிறகு போய்விடும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் இதற்கு இன்னும் அரை கன மீட்டர், அதாவது நாலைந்து மூட்டை சிமென்ட்டும் அதே எண்ணிக்கை ஃபைபர் பாக்கெட்டும் கையில் இருக்க வேண்டும்.

8. வைப்ரேட்டர் வேண்டாம். குத்தவும் வேண்டாம். கலக்கினால் சிமென்ட் கரையும்.

கான்கிரீட் இறங்க இறங்கக் குழித்தண்ணீரும் அதே அளவு மேலே ஏறும். பயந்துபோய் யாராவது மோட்டார் ஸ்விட்சைத் தட்டிவிடுவார்கள். ஊற்றும்போதும், முடித்தபின் 24 மணி நேரமும் இறைக்கக் கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. வீட்டு வேலையில் ஏழு நாள் விடச் சொல்வேன். மோட்டாரின் ஒயரைக் கழற்றிச் சாவி போட்டு வையுங்கள்.

வேலையைக் கெடுக்கும் தவறுகள்

பாண்டிலிருந்து நேராகத் தண்ணீரில் கொட்டுவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. கீழே சேர்வது கழுவிய ஜல்லியும், அதன் மேல் ஒரு சாண் சிமென்ட் பாலும். பார்க்க வழவழப்பாக இருப்பதால் ஏமாந்துவிடுவோம். மூன்றாம் மாதம் அடியிலிருந்து நீர் கசியும்போதுதான் தெரியும்.

நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்துவது அடுத்த தவறு. குழாயில் தேங்கிய கலவை இறுகி, அதைத் தட்டி எடுக்கக் குழாயைத் தூக்கினால் முனை வெளியே வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் அதே குழாயை மறுபடி உள்ளே குத்தித் தொடரக் கூடாது. வெளியே எடுத்துக் கழுவி, நிறுத்திய இடத்தில் நிற்க வைத்து, புதுப் பந்தோடு தொடங்க வேண்டும்.

'ஃபைபர் ரெண்டு பங்கா போட்டா ரெண்டு பங்கு பலம்' என்பதும் பொய். அளவு மீறினால் உருண்டை பிடிக்கும், இளக்கம் போகும், குழாய் அடைக்கும்.

உயிர்ப் பாதுகாப்பு

இதில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

- பெட்ரோல், டீசல் மோட்டாரைக் குழிக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையில் வாசனையே தெரியாத கார்பன் மோனாக்சைடு இருக்கும். குழிக்குள் தங்கி ஆளைக் கொல்லும்.
- மின்மோட்டார் ஓடும்போது தண்ணீரில் யாரும் நிற்கக் கூடாது. இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும்.
- புனல் தொங்கும்போது அதன் கீழே ஆள் இருக்கக் கூடாது. ஊற்றும் நேரத்தில் குழிக்குள் யாருக்கும் வேலை இல்லை.
- பழைய செப்டிக் டேங்கோ கழிவுநீர்க் குழியோ தோண்டும்போது திறந்துகொண்டால், உடனே எல்லோரும் மேலே வாருங்கள். ஒருவர் மயங்கி விழுந்தாலும் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. தீயணைப்புத் துறைக்கு 101, அல்லது 112.
- ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும். சித்தாள்கள் உட்பட எல்லோருக்கும் கம்பூட்ஸும் ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். அது வீட்டுக்காரர் செலவு.
- நாள்கணக்கில் விடாமல் இறைத்தால் பக்கத்து வீட்டு அடிமண்ணும் தண்ணீரோடு வரும். வெளியேறும் நீர் கலங்கலாகவே வந்துகொண்டிருந்தால் இறைப்பதை நிறுத்துங்கள்.
- இரவில் குழியைச் சுற்றித் தடுப்பும் விளக்கும் வேண்டும். தெருப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் நிற்கும் குழி விளையாட்டு இடமாகத் தோன்றும்.

தண்ணீரை இறைத்த பின்

ஏழாம் நாள் மெல்ல இறையுங்கள். ஓர் அடி இறக்கி, ஒரு மணி நேரம் விட்டு, ஓரங்களில் ஊற்று கிளம்புகிறதா என்று பார்த்து மேலே போகவும். பிளக்கின் மேல் வெளிர் நிறத்தில் மிருதுவான ஏடு படிந்திருக்கும். அதைக் கெட்டிக் கான்கிரீட் தெரியும்வரை சுரண்டி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். சுரண்டாமல் அதன் மேல் தளம் போட்டால் இரண்டுக்கும் இடையே தண்ணீர் ஊர்ந்துவரும்.

இதற்கு மேல் வழக்கமான ஆர்.சி.சி. வேலை. தளத்திலும் சுவரிலும் மூட்டைக்கு 125 கிராம் ஃபைபர் போடுங்கள். வெயில்படும் இந்த இடத்தில்தான் அதன் முழுப்பலனும் கிடைக்கும். தளமும் சுவரும் சேரும் இடத்தில் வாட்டர் ஸ்டாப்பர் பட்டை வையுங்கள். உள்பூச்சுக்கு 6 மி.மீ. ஃபைபர். க்யூரிங் பதினான்கு நாள். ஃபைபர் போட்டிருப்பதைச் சொல்லி இதைக் குறைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

முடித்த சம்ப்பை நிரப்பி ஏழு நாள் ஊற விடுங்கள். எட்டாம் நாள் நீர்மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறித்து, இன்னும் ஏழு நாள் கழித்துப் பாருங்கள். 40 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. காலி செய்து உள்பக்கம் பாருங்கள். வெளித்தண்ணீர் ஈரத்திட்டாக வரும் இடம்தான் பழுதான இடம்.

பிளக்கின் தடிமனை வெயில்கால நீர்மட்டத்துக்குத்தானே கணக்கிட்டோம்? கார்த்திகையில் வெளித்தண்ணீர் இன்னும் ஒன்றிரண்டு மீட்டர் ஏறும். அப்போது சுவர், சிலாப் எடையும் துணைக்கு வரும் என்றாலும், முழு சம்ப்பும் காலியாக இருந்தால் மிதந்து விரிசல் விடும் ஆபத்து உண்டு. மொத்த எடை மழைக்கால நீர்மட்டத்துக்குப் போதுமா என்று இன்ஜினியரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். போதாதென்றால் தளத்தைச் சுவருக்கு வெளியே ஓர் அடி நீட்டி, அதன் மேல் மண் நிரப்பச் சொல்வார். அதற்குக் குழியையும் அந்த அளவு அகலமாகத் தோண்ட வேண்டும் என்பதால், இந்தக் கணக்கைத் தோண்டும் முன்பே முடித்துவிடுங்கள். எப்படியானாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும் வரை சம்ப்பைக் கழுவக் காலி செய்ய வேண்டாம். கழுவும் வேலையைப் புரட்டாசியிலேயே முடித்து, நிரப்பி வையுங்கள்.